ஏரியின் பெயரை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இந்தக் குளிர்காலத்தில் ஈட்டி மீன்பிடிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த ஏரி என்பதை வாடகைக்கு விடுகிறவர் வாயால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். போன ஜனவரியில் நானும் மச்சானும் 540 டாலர் கொடுத்து ஏமாந்தோம்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறைந்த ஏரியின் மேல் ஜன்னல் இல்லாத சின்னக் கொட்டகை. அதைத்தான் டார்க்ஹவுஸ் என்பார்கள். உள்ளே பனிக்கட்டியை இரண்டடிக்கு மூன்றடி அறுத்து எடுத்திருப்பார்கள். கதவைச் சாத்தினால் கும்மிருட்டு, கீழே தண்ணீர் மட்டும் பச்சையாக ஒளிரும். டூரிங் டாக்கீஸ் திரையைத் தரையில் விரித்த மாதிரி இருக்கும். மரத்தில் செதுக்கிய பொய்மீனைக் கயிற்றில் ஆட்டிக்கொண்டு காத்திருந்தால், அதைத் தேடி நார்தர்ன் பைக் என்ற மீன் வரும். நம் ஊர் சீலா போல நீண்ட வாய்க்காரன். தலைக்குப் பின்னால் பார்த்து ஈட்டியை இறக்க வேண்டும். தூண்டில் கிடையாது, முள் கிடையாது, எல்லாம் கண்தான். தண்ணீர் தெளிவாக இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

அதற்கு முந்தைய வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை அழைத்துப் போயிருந்தார். எட்டடி ஆழத்தில் கிடந்த கிளிஞ்சல்களைக்கூட எண்ண முடிந்தது. எல்லா ஏரியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

ஒரு விளம்பரம் பார்த்து ஃபோன் செய்தேன். லாங் லேக், மூன்று நாள், கொட்டகை, ஹீட்டர் எல்லாம் சேர்த்து 540. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். மாநில இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் என்ற இணையப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். செக்கி தட்டு அளவு 18 அடி. கறுப்பு வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் கணக்கு அது. 18 என்றால் அருமையான ஏரி. உடனே முழுப் பணத்தையும் கார்டில் கட்டிவிட்டேன்.

நான்கு மணி நேரம் ஓட்டிப் போனோம். ஐஸ் நல்ல கனம், பாதையைச் சுத்தமாக வழித்து வைத்திருந்தார், ஹீட்டரும் குறையில்லை. உட்கார்ந்து கீழே பார்த்தால் வரக்காப்பி. பொய்மீனை இறக்கினேன், மூன்றடி தாண்டவில்லை, காணோம். மச்சான் கயிற்றை இழுத்துப் பார்த்து, "மாப்ள, இது இன்னும் இருக்கா, அறுந்து போச்சா?" என்றான்.

கொட்டகைக்காரரை அழைத்தேன். ஓட்டை போட்டதில் கலங்கியிருக்கும், தெளிந்துவிடும் என்றார். மறுநாளும் அதே பதில். இங்கேதான் எனக்கு விவரம் போதவில்லை. கோடையில் பாசியால் வரும் பச்சைக் கலங்கல் குளிர்காலத்தில் அடங்கும், கிளறிய சேறும் படியும். ஆனால் சதுப்பு நிலத்திலிருந்து இலையும் மக்கிய செடிகளும் ஊறி வரும் பழுப்பு நிறம் படியவே படியாது. அது சாயம். அப்புறம் சாட்டிலைட் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஏரியைச் சுற்றி மூன்று பக்கமும் சதுப்பு. கிளம்பும் முன்பே பார்த்திருக்கலாம்.

சரி, மங்கலில் ஏதாவது வந்தால் குத்திவிடலாமே என்று தோன்றும். கூடாது. நாங்கள் இருந்தது வட மத்திய மண்டலம். அங்கே 22 முதல் 26 அங்குலத்துக்குள் இருக்கும் பைக்கில் ஈட்டிக்காரர் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. மஸ்கி என்ற மீனைக் குத்தவே கூடாது, அதுவோ பைக்குக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். பைக்குக்குக் கறுத்த உடம்பில் வெளிறிய புள்ளி, மஸ்கிக்கு வெளிறிய உடம்பில் கறுத்த பட்டை. மூன்றடித் தண்ணீரில் நிழல்தான் தெரிகிறது, புள்ளியையும் பட்டையையும் எங்கே பார்ப்பது? தூண்டிலில் பிடித்ததை விட்டுவிடலாம், ஈட்டி பாய்ந்ததை விட முடியாது. மூன்று நாளில் இரண்டு நிழல்கள் போயின. ஈட்டியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் மாலை மச்சான்தான் கண்டுபிடித்தான். எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த கவுண்டியே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேறு! மினசோட்டாவில் லாங் லேக் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. தெளிந்த ஒரு லாங் லேக்கின் பக்கத்தைக் காட்டிக் கலங்கிய லாங் லேக்கில் உட்கார வைத்திருக்கிறார். கேட்டபோது கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "லாங் லேக் என்றுதானே சொன்னேன், இது லாங் லேக்தானே?"

அதனால் பெயரைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். இங்கே ஒவ்வொரு ஏரிக்கும் எட்டு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் கவுண்டியைக் குறிக்கும், ஹென்னபின் என்றால் 27. அந்த எண்ணை லேக்ஃபைண்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள், அவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். அந்த ஏரியில் ஈட்டிக்கு அனுமதி உண்டா என்பதையும் அந்த வருட விதிப் புத்தகத்தில் பாருங்கள், சில ஏரிகளில் தடை இருக்கிறது. பழுப்பு ஏரி என்றால் சில சமயம் நிறத்தைக் குறிப்பில் போட்டிருப்பார்கள்.

முழுப் பணத்தையும் முன்பே கட்டிவிடாமல் மிச்சம் வைத்திருந்தால், போய்ச் சேர்ந்ததும் இன்னொன்று செய்யலாம். ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டார். ரம்பத்தை எடுக்கும் முன் துளைக்கருவியால் ஒரு சின்ன ஓட்டை போட்டு, வெள்ளையாக ஏதாவது ஒன்றை நூலில் கட்டி இறக்கி, ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பார்ப்பாராம். ஏரியின் அடியில் அது தெரியவில்லையென்றால் அடுத்த இடம். அவருடைய வெள்ளைச் சாமான் பழைய சாப்பாட்டுக் கரண்டி.

கார்டு நிறுவனத்தில் புகார் போட்டு ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. விளம்பரம் அப்படியே இருக்கிறது, அதே 18 அடியோடு.