மரத்து மேலே எந்த மெஷின், தரையில் எந்த மெஷின்?

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் மரம் கழிக்கும் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் '58 சிசி' ஸ்டிக்கர் ஒட்டிய சீனச் செயின்சாதான், அதாவது செயின் ஓடி மரம் அறுக்கும் மெஷின். விலை குறைவு, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), பம்ப்செட் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். எல்லாம் சரி. ஆனால் வாங்கிய கையோடு அதையே கயிற்றில் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறார்கள். என் ஆட்சேபம் அங்கேதான். பெட்ரோலா பேட்டரியா என்று கேட்பதற்கு முன்னால், மெஷின் தரையில் ஓடப்போகிறதா மேலே ஓடப்போகிறதா என்று கேளுங்கள்.

அந்த 58-ஐயே முதலில் எடுத்துக்கொள்வோம். இந்த ரகத்தில் பல மெஷின்களுக்குச் சிலிண்டர் விட்டம் 45.2 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 34 மி.மீ. கணக்குப் போட்டால் 54.6 சிசிதான் வருகிறது. அது போகட்டும், புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தைத் தரையில் துண்டு போட அந்தச் சக்தி தாராளம். பிரச்சினை எடை. பார், செயின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோ பக்கம் வந்துவிடும். நீளமான பாரின் முனை பக்கத்துக் கிளையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். தரையில் என்றால் ஒரு அடி பின்னால் நகரலாம். மேலே எங்கே நகர்வது?

தரை வேலைக்கே கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால், ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 250 மாதிரி 45 சிசி மெஷின் போதும். பார், செயின் இல்லாமல் 4.6 கிலோ. நாள் முழுக்கப் பிடித்தாலும் தோள் தாங்கும். எம்எஸ் 180 இன்னும் சின்னது, 31.8 சிசி. வேம்பு, முருங்கை, வீட்டுக் கொல்லை மாமரத்துக்கு அது தாராளம். முற்றிய புளியமரத்து அடிமரத்தில் வைத்தால் திணறும்.

புளியமரம்தான் நம் பக்கத்து மெஷின்களுக்குப் பரீட்சை. உள்ளே கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருக்கும். சாலையோர மரமென்றால் விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். ஒரே ஒரு ஆணி போதும், செயினின் ஒரு பக்கத்துப் பற்கள் மழுங்கி வெட்டு கோணலாக ஓடும். வெட்டும்போது வெளியே வருவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரி பறந்தால் உடனே நிறுத்தி அரம் போட வேண்டும். மெஷினை அழுத்தி வெட்டுவதில் பிரயோஜனமில்லை, பாரும் செயினும்தான் சூடேறும். செயினின் கண்ணி அளவைப் பொறுத்து அரமும் மாறும்: .325 இன்ச் செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், சின்ன மெஷினில் வரும் மெல்லிய 3/8 இன்ச் செயினுக்கு 4 மி.மீ. அளவு தவறிய அரம் போட்டால் பல்லின் கோணம் கெட்டுவிடும். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதிலிருக்கும் இரும்புத் துகள் ஆயில் பம்பையே தின்றுவிடும்.

மேலே கொண்டுபோகும் மெஷின் என்று வந்தால் போட்டி சின்ன பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும்தான். இங்கே நான் பேட்டரி கட்சி. கவட்டையில் ஒரு காலை ஊன்றி, இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் மெஷினைப் பிடித்து மறு கையால் ஸ்டார்ட்டரைச் சுண்டுவது எவ்வளவு ஆபத்து என்று ஏறினவருக்குத் தெரியும். அணைக்காமல் தொங்கவிட்டாலோ சூடான சைலன்சர் தொடையை உரசும். பேட்டரியில் விசையை விட்டதும் செயினும் நிற்கும், சத்தமும் நிற்கும். "அண்ணே, நில்லு, ஆள் வருது" என்று கீழேயிருந்து கத்தினால் காதில் விழும். அந்த அமைதியில் ஆபத்தும் உண்டு. கீழே இருப்பவருக்கு மெஷின் தயாராக இருப்பதே தெரியாது. அதனால் செயினைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

ஓட்டம் எவ்வளவு வரும்? 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு போட்டால் மொத்தம் 180 வாட்-மணி. எம்எஸ் 180-இன் கால் லிட்டர் டேங்கில் சுமார் 2,200 வாட்-மணி இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகப் போனாலும், ஒரு டேங்க் பெட்ரோல் செய்கிற வேலைக்கு இரண்டு மூன்று ஜோடி பேட்டரி வேண்டும். ஆகவே பேட்டரியை வைத்து அடிமரம் அறுக்கப் பார்க்காதீர்கள். கிளை கழிக்க மட்டும் என்றால் பாதி நாள் ஓட்டலாம், ஏனென்றால் மேலே வெட்டுகிற நேரத்தைவிடக் கயிறு கட்டி இறக்குகிற நேரம்தான் அதிகம்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை வெயில். பல சார்ஜர்கள் 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்றுதான் கையேட்டில் போட்டிருப்பார்கள். கத்திரியில் வேலூர் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். வண்டிக்குள் சார்ஜ் போட வேண்டாம். கழற்றிய பேட்டரியை நிழலில் ஆறவைத்து அப்புறம் போடுங்கள்.

பெட்ரோலுக்கும் தன் பங்குக்குத் தொல்லை உண்டு. இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். இந்த மெஷின்களுக்குப் பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்துதான் ஊற்ற வேண்டும்; அந்தக் கலவையை வாரக்கணக்கில் டேங்கில் விட்டுவைத்தால் கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். அன்றன்றைக்குக் கலந்து, மிச்சத்தை வடித்துவிட்டு, மெஷினைத் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். ஸ்டில் கம்பெனி ஆயில் என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. சாதாரண டூ-ஸ்ட்ரோக் ஆயிலில் 25-க்கு 1 என்றுதான் ஸ்டில் கையேடு சொல்லிவந்திருக்கிறது.

மணிக்கட்டுப் பருமன் வரைக்குமான கிளைக்கு மெஷினே வேண்டாம், இழுத்தால் வெட்டும் வளைந்த கைரம்பம் போதும். அடியில் ஒரு கீறு போட்டுவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது.

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் தரைக்கு ஒரு நல்ல பெட்ரோல் மெஷின், மேலே கைரம்பம், கூடவே ஹெல்மெட், இடுப்புக் கயிறு வாங்கட்டும். பேட்டரி மெஷின் அடுத்த சீசனுக்கு இருக்கட்டும். அப்போது வீட்டில் ஏற்கெனவே கிரைண்டரோ டிரில்லோ இருந்தால் அதே பேட்டரி பொருந்தும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள், கூடுதல் பேட்டரிச் செலவு மிச்சம்.