ஆத்தங்குடிக் கல்லின் ஓரம்: நான்கு ஆண்டு அனுபவம்

செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றிய பத்தியில், அதாவது தூண்கள் நிற்கும் நடையில், தரை பெயர்ந்துபோன இடங்களில் ஆத்தங்குடிக் கல் என்ற கையால் செய்த பூவேலைத் தரைக்கல்லைப் பதித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பதிக்கும் வேலையைக் கொத்தனார் பார்த்துக்கொண்டார். ஓரம் வெட்டுவதையும் தேய்ப்பதையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கல் நன்றாக உழைக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. வெட்டிய ஓரம் எப்படி உழைக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இது சூளையில் சுட்டெடுத்த டைல் அல்ல. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதில் வண்ணச் சாந்தை ஊற்றி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையால் மூடி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். பளபளப்பைத் தருவது அந்தக் கண்ணாடிதான். வண்ணம் மேலே சில மில்லிமீட்டர் மட்டுமே. அதற்குக் கீழே சாம்பல் நிறச் சாந்து. மொத்தக் கனம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். குளியலறை டைலைக் கீறி முறிக்கும் கைக்கருவியை இதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கற்கள் கோணலாக உடைந்தன. அதை அன்றே ஓரங்கட்டிவிட்டு, நான்கு அங்குல மார்பிள் கட்டரை எடுத்தேன்.

முதல் நாள் செய்த தவறு இன்னும் கண்ணை உறுத்துகிறது. கொல்லைப் பக்க நிலைக்கு அடியில் போட வேண்டிய கற்களைப் பல் வைத்த பிளேடால், தண்ணீர் இல்லாமல், ஒரே இழுப்பில் வெட்டினேன். பதித்தபோது ஓரம் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குள், கால் படும் இடத்தில் பச்சை வண்ணம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து சாந்து வெளியே வந்துவிட்டது.

“தம்பி, தண்ணீர் காட்டாமல் வெட்டினால் கல் கோபித்துக்கொள்ளும்” என்றார் கொத்தனார். அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். பல் இல்லாத, விளிம்பு முழுதாக உள்ள டைமண்ட் பிளேடு. கோட்டின் மேல் காகித டேப். பூ உள்ள பக்கம் மேலே. முதல் இழுப்பில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறல் மட்டும், இரண்டாவதில் முழு வெட்டு. மூடியில் துளையிட்ட பாட்டிலால் தம்பி மகன் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீரும் மின்சாரமும் சேரும் வேலை இது. கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பிரேக்கர் இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். சிமெண்டுத் தூசு நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசமும் கட்டாயம். வெட்டும்போது வழியும் சாம்பல் பாலை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காயவிட்டால் பூவின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் கல்லின் மெருகே போய்விடும்.

அதிக நேரம் பிடித்தது தூண் அடிக்கல்தான். தேக்குத் தூணைத் தாங்கும் வட்டமான கருங்கல்லைச் சுற்றிக் கல்லை வளைத்து வெட்ட வேண்டும். பழைய நாள்காட்டி அட்டையில் வளைவை எடுத்துக் கல்லில் வரைந்துகொண்டேன். கோடு வரை விரல் அகலத்துக்கு ஒன்றாக வெட்டுகள் போட்டு, சீப்புப் பல் போல நின்ற துண்டுகளைக் குறடால் ஒவ்வொன்றாக ஒடித்தேன். பிறகு 60, 120, 400 என்று சொரசொரப்பானதில் தொடங்கி வழுவழுப்பானது வரை வரிசையாகத் தேய்ப்புக் கற்களால், தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கையாலேயே தேய்த்தேன். மேல் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் மழுக்கினேன். அதற்கு மேல் போனால் வண்ணம் தீர்ந்து சாந்து தெரிந்துவிடும். ஒரு தூணுக்கு அரை நாள் ஆனது. நான்கு ஆண்டுகளில் அந்த வளைவுகளில் ஒரு சில்லு கூடப் பெயரவில்லை. காலையில் வளவில் வெயில் இறங்கும்போது அதைப் பார்க்கவே மனம் நிறைகிறது.

பழைய தரையைப் பெயர்த்தபோது ஒன்று கவனித்தேன். அந்தக் காலத்தில் பூக்கல்லை வெட்டாமல் நடுவில் முழுதாக விட்டு, அதைச் சுற்றிக் கரைக்கல் ஓட்டி, சுவரோரம் பூவில்லாத வெற்றுக் கல்லை வைத்திருக்கிறார்கள். வெட்டெல்லாம் அந்த வெற்றுக் கல்லில்தான். பழைய சுவர்கள் எங்கும் மூலைமட்டத்துக்கு நிற்பதில்லை. அந்தக் கோணலை வெற்றுக் கல் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. நானும் அப்படியே செய்தேன்.

வெட்டிய முகம் தண்ணீரை உறிஞ்சும். முற்றத்தை ஒட்டிய ஓரங்களில் பாதிக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன், பாதிக்குக் கல்லுக்குள் ஊறித் தண்ணீரைத் தடுக்கும் சீலர் பூசினேன். எண்ணெய் வைத்தவை கருத்து அழுக்கை இழுத்துக்கொண்டன. இரண்டாம் மழைக்காலத்தில் உப்பும் பூத்தது. சீலர் பூசியவை நிறம் மாறாமல் இருக்கின்றன. தரையின் மேல்புறத்துக்கு எண்ணெய்தான் அழகு, ஓரத்துக்குச் சீலர் என்பது என் முடிவு.

மிச்சம் எட்டுக் கற்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் சாக்குக்குள் இருக்கின்றன. கொல்லை நிலையின் பெயர்ந்த ஓரத்தைத் தை மாதம் பிரித்து மாற்றப்போகிறேன். அட்டையை இப்போதே வெட்டி வைத்துவிட்டேன்.