அலைக்கூந்தலுக்கு நெற்றி முடி: ஒரு சலூன் சேவை
அலை அலையான கூந்தல் ஈரத்தில் நீண்டும் காய்ந்ததும் சுருங்கி மேலேறியும் நிற்கும் என்பதை அறிந்து, உலர்ந்த நிலையிலேயே முடியை வெட்டியதுதான் இந்தச் சலூனில் எனக்கு மிகவும் பிடித்தது. நேர்க்கோட்டில் வெட்டும் பேங்ஸ் (நெற்றியில் விழும்படி வெட்டும் முடி) என் நெற்றிச் சுழிக்கு அடங்காது என்று விளக்கி, நடு வகிட்டிலிருந்து இருபுறமும் கன்ன எலும்பு வரை சரியும் கர்ட்டன் பேங்ஸைப் பரிந்துரைத்த கலைஞர், கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனிகளைச் சிறிது சிறிதாக வெட்டியதால், ஓரம் கனமாகத் திரளாமல் மெல்லியதாக விழுகிறது. தலைக்குக் குளித்ததும் நெற்றி முடியைத்தான் முதலில் உலர்த்த வேண்டும் என்றும், வேரை இடமும் வலமுமாக மாற்றிச் சீவியபடி டிரையரைக் காட்டினால் சுழி படியும் என்றும் பொறுமையாகச் செய்து காட்டினார். வீட்டிலும் அது அப்படியே பலிக்கிறது. இறுதியில் தடவிய சீரம் மட்டும் தேவையற்றது. நெற்றியின் எண்ணெயோடு சேர்ந்து மாலைக்குள் முடி பிசுக்கேறிவிட்டது. அதற்குப் பதிலாகச் சிறிதளவு மூஸ் (முடிக்கான நுரைப் பூச்சு) தடவியிருந்தால் அலையின் வடிவமும் கெட்டிருக்காது.