மலைக்குக் குதிரை டிரெய்லர் இழுக்க எந்த பிக்கப்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போய்விடலாம். இரண்டு குதிரையை டிரெய்லரில் வைத்து மலைக்கு இழுக்கணும், காசுக்கும் குறைவில்லை என்றால் டொயோட்டா ஹைலக்ஸ். காசு பார்க்கிற ஆள் என்றால் பழைய இசுசு வி-கிராஸ், அதுவும் 2.5 லிட்டர் இன்ஜின் வைத்தது. ஒரே ஒரு குதிரைதான் என்றால் டிரெய்லரே வேண்டாம், பொலிரோ பிக்கப்பில் கூண்டு கட்டி ஏற்றிக்கொண்டு போங்கள். என்னிடம் இருப்பது 2.5 வி-கிராஸ்.

நமக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம். கட்டுத்தறியில் காங்கேயம் மாடுகளோடு இரண்டு மார்வாரிப் பொட்டைக் குதிரைகளும் நிற்கின்றன. மூத்தது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பிடித்தது. ஓட்டுவது என் மகள். கத்திரி வெயில் ஆரம்பித்தால் கொட்டகைத் தகரத்துக்கு அடியில் மாடு தாங்கும், குதிரை தாங்காது. அதனால் கோத்தகிரியில் மச்சான் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டையும் கொண்டுபோய் விட்டுவிட்டு, முதல் மழை விழுந்ததும் இறக்கிக்கொண்டு வருவது வழக்கம். வாடகை வண்டிக்காரர்கள் குதிரை என்றதும் ஒன்று வாடகையை ஏற்றுவார்கள், இல்லை போனையே எடுக்க மாட்டார்கள். அதனால்தான் சொந்த டிரெய்லர், அதை இழுக்கச் சொந்த வண்டி.

எந்த வண்டி என்று யோசிப்பதற்கு முன்னால் எடை மேடைக்குப் போங்கள். காங்கேயம் ரோட்டில் அரிசி ஆலை, எண்ணெய் ஆலைக்காக எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் டிரெய்லர் நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறையில் செய்தது. இரட்டை ஆக்ஸில், தரையில் ரப்பர் பாய், பின்னால் இறங்கும் சாய்வுப் பலகை. வெறும் டிரெய்லர் 900 கிலோ. குதிரை ஒவ்வொன்றும் 400க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. புல், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்தால் 1,750 கிலோவை ஒட்டி வருகிறது. வண்டியையும் ஆட்களையும் கூட்டினால் 3,800.

இப்போது ரோட்டைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் சுமார். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. நடுவில் 33 கிலோமீட்டர்தான். ஏறும்போது என்ன ஆகிவிடும்? டர்போ டீசல் எதுவாக இருந்தாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில் முனகிக்கொண்டு ஏறிவிடும். நேரமாகும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் விஷயம். 3,800 கிலோ அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினால் வெளியே வரும் சக்தி சுமார் 15 யூனிட் கரண்டுக்குச் சமம். கிணற்று மேட்டில் 5 எச்.பி. மோட்டார் நாலு மணி நேரம் ஓடுகிற கரண்ட் அது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்னும். மீதி முழுவதையும் இன்ஜின் பிடிக்கணும், இல்லையென்றால் பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் சூடாகி வாங்கிக்கொள்ளணும். ஷோரூமில் எச்.பி. கணக்கைச் சொல்லியே விற்பார்கள். நான் பார்த்தது, மேலே போகிற பலத்தை விட்டுவிட்டு, இரண்டாவது கியரில் வண்டி கீழே எவ்வளவு நிதானமாகப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது என்பதைத்தான்.

ஷோரூம் அனுபவத்தைச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. எந்தக் கம்பெனி என்று வேண்டாம். "டிரெய்லர் இழுக்கணும், எத்தனை கிலோ தாங்கும்?" என்றால், "டிராக்டர் டிரெய்லருங்களா சார்?" என்று கேட்டான் பையன். இல்லப்பா, குதிரை டிரெய்லர் என்றதும் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். அவர் போனில் ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டி 3,500 கிலோ என்றார். ஆஸ்திரேலியாவில் டி-மேக்ஸுக்கும் (நம் வி-கிராஸுக்கு அங்கே அந்தப் பெயர்) ஹைலக்ஸுக்கும் அந்த எண் உண்டு, பொய் இல்லை. ஆனால் அது டிரெய்லருக்கே தனியாக பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அங்கே 750 கிலோதான் வரம்பு. அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இங்கே விற்கும் வண்டிக்கு என்ன கணக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

வண்டிகளுக்கு வருகிறேன்.

மகிந்திரா பொலிரோ பிக்கப் நம் ஊரில் தேங்காய், வாழைத்தார், மாடு, கல்யாண சாமான் எல்லாம் சுமக்கிற வண்டி. 2.5 லிட்டர் இன்ஜின், 75 எச்.பி. பக்கம், இழுக்கும் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர் பக்கம். 1.7 டன் மாடல் சித்தப்பாவிடம் இருக்கிறது. சுமக்கப் பிறந்த வண்டி, இழுக்கப் பிறந்தது இல்லை. ஒரு குதிரையைப் பின்னால் ஏற்றினால் கோத்தகிரி ரோட்டில் குறையே சொல்ல முடியாது. பின் ஸ்பிரிங் பட்டைகள் பாரம் இருந்தால்தான் அடங்கும்; காலியாகத் திரும்பும்போது நம் முதுகு சொல்லும். ஒரு எச்சரிக்கை: குதிரை நிற்கும் தரை தரைமட்டத்திலிருந்து இடுப்பளவு மேலே இருக்கிறது, அதன் பாரம் அதற்கும் மேலே. வளைவில் வண்டி சாய்வது ஓட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும். கூண்டைத் தலை உயரத்துக்குக் கட்டச் சொல்லுங்கள், ஆனால் மேலே இரும்பை அள்ளிக் கொட்டி இன்னும் கனமாக்க வேண்டாம். பத்து லட்சம் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். ஒற்றைக் குதிரைக்காரர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

டாடா யோதாவில் 2.2 லிட்டர், 100 எச்.பி., 250 நியூட்டன் மீட்டர். 2022இல் வந்த யோதா 2.0 இரண்டு டன் சுமக்கும். தாளில் பார்த்தால் பொலிரோவை விட ஒரு படி மேல், ஓட்டிப் பார்த்தாலும் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது குறைவு. ஆனால் டிரெய்லர் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதுவும் சுமை வண்டிதான். அசோக் லேலண்ட் தோஸ்த் ஓசூரில் செய்யும் நம்ம ஊர் வண்டி, சின்னச் சின்ன லோடுக்குத் தங்கம். இந்த வேலைக்கு வேண்டாம்.

வி-கிராஸ் 2016இல் வந்தபோது 2.5 லிட்டர், 134 எச்.பி., 320 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர். பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு அந்த இன்ஜின் போய் 1.9 லிட்டர் மட்டும் நின்றது, 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். புதுசுதான் பலம் அதிகம், ஓட்டவும் சுகம், சத்தமும் கம்மி. அப்புறம் எதற்குப் பழசு என்று மச்சான் கேட்டார். இறக்கத்தில் கால் எடுத்தால் சிசி பெரிய இன்ஜின்தான் வண்டியை அதிகம் இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் ஒரே இறக்கத்தில், ஒரே டிரெய்லரோடு ஓட்டிப் பார்த்தேன். 1.9இல் பிரேக்கைத் தொட வேண்டிய இடங்கள் கூட. 2.5இல் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் கொண்டை ஊசி வரும்போது மட்டும் கால் வைத்தால் போதும். இதையே ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்னும் நன்றாகச் செய்கிறது. 204 குதிரைத்திறன், மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். மேட்டுப்பாளையத்தில் நண்பர் ஒருவரிடம் இருப்பதை வாங்கி ஓட்டினேன். டிரெய்லர் பின்னால் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு அமைதி. ஆனால் முப்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து அதன் பின்கதவில் சாண நாற்றம் பட விட எனக்குத் தைரியம் இல்லை.

நீளத்தையும் கணக்கில் எடுங்கள். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுமே 5.3 மீட்டர் பக்கம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல். அதற்குப் பின்னால் டிரெய்லர். கொண்டை ஊசியில் டிரெய்லர் எப்போதும் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அகலமாக எடுக்கணும், எதிரே பஸ் வந்தால் ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு நின்றுதான் போகணும். இந்தக் காரணத்தாலேயே கொல்லிமலைக்கு டிரெய்லர் வேண்டாம் என்பேன், 70 வளைவு. திம்பத்தில் 27 வளைவுதான், ஆனால் புலிகள் காப்பக ரோடு, இரவில் தடை இருக்கிறது, விடிந்த பிறகு போகிற மாதிரி கிளம்புங்கள்.

நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். காய்ந்த தார் ரோட்டு வளைவில் அதைப் போட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு அடம் பிடிக்கும், அங்கே வேலையே இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் கடைசிச் செம்மண் தடம், மழை பெய்த மறுநாள், அங்கேதான் ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) காசுக்கு ஈடு செய்கிறது. அந்தத் தடம் உங்களுக்கு இல்லையென்றால் அந்தக் காசை டிரெய்லர் பிரேக்கில் போடுங்கள்.

அந்த பிரேக் பற்றி நாலு வரி. எங்களுடையது டிரெய்லர் முன்னால் தள்ளினால் தானாகப் பிடிக்கும் வகை. சமவெளியில் அருமை. நீள இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடிக்கப் பிடிக்க டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடாகும். இறங்கும் வழியில் குஞ்சப்பனைக்கு வந்ததும் ஓரம் கட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டே புறங்கையைக் காட்டிப் பார்ப்பேன். இடது பின் சக்கரம் மட்டும் கை நீட்டவே முடியாத அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது ஒரு முறை. பிரேக் கேபிளை ஒரு பக்கம் மட்டும் இறுக்கி வைத்திருந்தார்கள் பட்டறையில். அதை நாமே திருகிச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் கண்டுபிடிக்கணுமே.

கொக்கியை பம்பரில் வெல்டிங் வைத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். சேஸிஸ் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கிய சட்டம்தான் வேண்டும். மாட்டு வண்டி பூட்டினவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் புரியும். இங்கேயும் அதே கணக்கு. டிரெய்லர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் கொக்கி மேல் உட்காரணும். பின்பாரம் ஆகிவிட்டால் அவிநாசி பைபாஸில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். குதிரைகளை ஒரு அடி முன்னால் நிற்க வைத்ததிலேயே எங்களுக்கு அது நின்றுபோனது.

உள்ளே குதிரை எப்படி வருகிறது என்று தெரிய ஒரு சின்ன கேமரா மாட்டியிருக்கிறோம். குதிரை பார்க்கும் அண்ணன் போனில் அதையே பார்த்துக்கொண்டு வருவார். "ஏனுங் தம்பி, எறக்கத்துல ரெண்டும் பின்னங்கால்லயே ஒக்காந்துட்டு வருதுங், கொஞ்சம் மெதுவாப் போங்" என்றார். பார்த்தேன், உண்மைதான். நேராக நிற்கும்போது உடம்புப் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்காலில் இருக்கும் மிருகம், சரிவில் அதைப் பின்னால் தள்ளித் தாங்கப் பார்க்கிறது. வளைவில் கால்களை அகட்டி வைக்கும். அதனால் நடுத் தடுப்பைத் தரை வரைக்கும் பலகையால் அடைக்காதீர்கள், கீழே கால் வைக்க இடம் விடணும். எங்கள் வேகம் மலையில் 20, 25. நேரான இடத்தில்கூட 35க்கு மேல் போவதில்லை. விலங்குகளை ஏற்றிச் செல்லும் 1978 விதிகளிலும் குதிரைக்கு அந்த வேகம்தான். வலையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல் கட்டித் தொங்கவிட்டால் பாதி தூரம் தின்றுகொண்டே அமைதியாக வரும். தலைக்கயிற்றை ரொம்ப உயரத்தில் கட்ட வேண்டாம், தலையைத் தாழ்த்தி மூக்குச் சிந்த முடியாமல் போனால் நெஞ்சில் சளி கட்டும்.

காகிதங்கள்: கால்நடை மருத்துவர் சான்றிதழ், டிரெய்லருக்குத் தனிப் பதிவு, இன்சூரன்ஸ். சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் இருக்கணும் என்று மோட்டார் வாகன விதியில் இருக்கிறது, கட்டும்போதே அளந்து சொல்லுங்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். சீசனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள்.

பழைய 2.5 வி-கிராஸ் தேடுகிறவர்கள் டர்போ குழாய்களையும் கிளட்சையும் பார்த்துவிட்டு, அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். பக்கவாட்டுக் கண்ணாடியை மட்டும் வாங்கிய அன்றே அகலமானதாக மாற்றிவிடுங்கள், கம்பெனிக் கண்ணாடியில் டிரெய்லரின் சக்கரம் தெரியாது.