நாற்காலிக்கு இரண்டு சண்டைகள்

'எக்ஸிக்யூட்டிவ் சூட்' (1954), 'பேட்டர்ன்ஸ்' (1956): இரண்டுமே நிறுவனத்து அதிகாரப் போட்டியைச் சொல்லும் அமெரிக்கப் படங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதைப் பார்ப்பது?

ராபர்ட் வைஸ் இயக்கிய முதல் படத்தில் மரச்சாமான் நிறுவனத் தலைவர் தெருவில் விழுந்து இறக்கிறார். அவர் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. கேமராவே அவர் கண்கள். யாரோ பணப்பையை எடுத்துவிடுவதால், இறந்தவர் யாரென்று உடனே தெரியவில்லை. ஆனால் ஜன்னல் வழியே பார்த்துவிட்ட நிறுவன நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், சாவுச் செய்தி பரவுமுன் பங்குகளை விற்று லாபம் பார்க்கத் துடிக்கிறார். என்ன மனிதர்! படத்தில் பின்னணி இசை கிடையாது. மணியோசையும் பேச்சும் போதுமானவையாக இருக்கின்றன. கணக்கே கதியென்று இருக்கும் ஃபிரெட்ரிக் மார்ச்சுக்கு எதிராக, தரமற்ற மேசையின் காலை உடைத்துக் காட்டி வில்லியம் ஹோல்டன் பேசும், அடுத்த தலைவரை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் இறுதிக் கூட்டம் சிலிர்க்க வைக்கிறது. கொஞ்சம் பிரசங்கம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ராட் செர்லிங் எழுதிய 'பேட்டர்ன்ஸ்' 1955இல் தொலைக்காட்சி நாடகமாக வந்து, வரவேற்பு காரணமாக மறுமாதமே மீண்டும் நேரலையில் நடிக்கப்பட்டது. இங்கே வாக்கெடுப்பு இல்லை. மூத்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்காமல், அவமானப்படுத்தியே விலகவைக்கப் பார்க்கிறார் முதலாளி. அந்த அதிகாரியாக நடிக்கும் எட் பெக்லியின் முகம் கூட்டத்துக்குக் கூட்டம் வாடுவதைப் பார்க்கவே முடியவில்லை.

நட்சத்திரக் கூட்டமும் விறுவிறுப்பும் வேண்டுமென்றால் முதலாவது. என் ஓட்டு இரண்டாவதற்கு. அதன் முதலாளி கடைசிவரை திருந்துவதில்லை.