டெக்ஸ்ச்சரைசர் கிட் யூஸ் பண்ணி பாத்தேன்: 5க்கு 2.5 தான்

என்னோடது ஸ்பிரிங் மாதிரி இறுக்கமா சுருண்டுக்கிற முடி, இழுத்துப் பிடிச்சா தோளைத் தாண்டும், விட்டா காதுக்கு மேல போய் உக்காந்துக்கும். ஸ்ட்ரெய்ட்லாம் வேணாம், சுருள் கொஞ்சம் லூசானா போதும்னுதான் இந்த நோ-லை (அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாத) டெக்ஸ்ச்சரைசர் கிட்டை வாங்கினேன். அட்டையில மைல்டு, ஜென்டில்னு என்னென்னமோ போட்டிருக்கு. பின்னாடி திருப்பி படிச்சா கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீம், கூட ஒரு பாட்டில் குவானிடின் கார்பனேட் ஆக்டிவேட்டர், அதாவது முடியை நேராக்குற ரிலாக்ஸர்ல இருக்கிற அதே சரக்குதாங்க! தலையில வெக்கிற நேரம் கம்மி, அவ்ளோதான் வித்தியாசம். ரெண்டையும் கலந்தா பிஎச் 12க்கு மேல போயிடும், அதாவது ரொம்ப கடுமையான ஆல்கலி, முடிக்குள்ள சுருளைப் பிடிச்சு வெச்சிருக்கிற டைசல்ஃபைடு பாண்டை உடைக்கும், அப்படி உடைஞ்சது மறுபடி பழைய மாதிரி சேராது, பிடிக்கலன்னா வளர வளர வெட்டி எடுக்கறதுதான் வழி.

ரிசல்ட்டுக்கு வரேன். சீப்பு சிக்காம இறங்குது, காஞ்சதுக்கு அப்புறமும் நீளம் நீளமாவே தெரியுது, இது ரெண்டும் நிஜமாவே சூப்பர். ஆனா தலை முழுக்க ஒரே மாதிரி வரல. க்ரீமை பின்மண்டையில ஆரம்பிச்சு முன்னாடி வர்றதுக்குள்ள அங்க வேலை நடந்துகிட்டே இருக்கு, அதனால பின்னாடி அலை அலையா இருக்கு, நெத்திப் பக்கம் பழைய சுருளே பாதி நிக்குது. முடி அடர்த்தியா இருந்தா இதை தனியா ஒருத்தர் சமமா தடவி முடிக்கறது ரொம்ப கஷ்டம், கிட்ல இருக்கிற பேப்பர்ல இதைப் பத்தி ஒரு வரி இல்ல.

அப்புறம் வறட்சி. நோ-லை தலைத்தோலை கம்மியா எரிக்கும்னு சொல்றது சரிதான், ஆனா கால்சியம் முடி மேல படிஞ்சு பொலிவே போயிடுது, அந்தப் படிவை எடுக்குற கீலேட்டிங் ஷாம்பு போட்டாதான் கொஞ்சம் சரியாகுது. அதை இவங்க கிட்ல தர்றதில்ல, தனியா வாங்கணும். க்ரீமோட ஆல்கலியை எடுக்குற நியூட்ரலைசிங் ஷாம்பு மட்டும் பாராட்டணும், க்ரீம் மிச்சம் இருந்தா நுரை பிங்க்கா வரும், வெள்ளையாகுற வரைக்கும் அலசிட்டே இருக்கலாம், குழப்பமே இல்ல.

இந்த மாதிரி முடி ஒவ்வொரு வளைவுலயும் ஏற்கெனவே வீக்கா இருக்கும், வேர்ல புதுசா வர்றது இறுக்கமாவும் கீழ லூசாவும் இருக்கறதால ரெண்டும் சேர்ற இடத்துலதான் பட்டு பட்டுனு உடையுது. டச்-அப் பண்றவங்க புது வளர்ச்சியில மட்டும் போடுங்க, பழசு மேல திரும்பப் பட்டா போச்சு. ஏற்கெனவே ப்ளீச் பண்ணின முடின்னா இந்தப் பக்கமே வராதீங்க. போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தலையை சொறியறது, ஷாம்பு போடறது எல்லாத்தையும் நிறுத்திடுங்க, நெத்தி ஓரம் காது ஓரமெல்லாம் வாசலின் தடவிக்கோங்க, சீப்புல உதிர்ந்த நாலு முடியில முதல்ல போட்டு பாத்துடுங்க.

இது செட் ஆகலன்னா மேலயே பெர்ம் (வேற கெமிக்கல் போட்டு சுருளை மாத்துறது) பண்ணிக்கலாமான்னு யாராவது கேப்பீங்க, தயோகிளைகோலேட்ங்கிற கெமிக்கல் போட்டு பண்ற பெர்மும் இதும் ஒரே முடியில சேரவே சேராது, கொத்தா கையோட வந்துடும்.