தம்பலகாமத்து வயற்கரை முன்பள்ளி: ஒரு தாயின் மதிப்பீடு

மூன்று வயது நிறைந்த பிள்ளையை வான் வண்டியில் ஏற்றித் திருகோணமலை நகரத்துக்கு அனுப்புவதா, ஊரிலுள்ள முன்பள்ளியிலேயே சேர்ப்பதா என்ற பேச்சு தம்பலகாமம் பக்கத்தில் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பல வீடுகளில் எழுகிறது. எங்கள் மகளை நாங்கள் ஊர் முன்பள்ளியில்தான் சேர்த்தோம். தரம் 1க்குப் போகும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். இந்த முறை பிள்ளைகளைச் சேர்க்கவிருக்கும் தாய்மார் என்னிடம் விசாரிக்கிறார்கள், விசாரிப்பவர்களில் பெரும்பாலோர், “அங்கே என்ன எழுதப் பழக்குகிறார்கள்?” என்ற ஒன்றையே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால், அங்கே ஒரு நாள் எப்படி நடக்கிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் முன்பள்ளியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கட்டடம் பெரிதல்ல. அரைச்சுவர் வைத்த ஒரே மண்டபம், மேலே தகரம், முன்னால் மணல் பரப்பிய முற்றம், முற்றத்தில் ஒரு வேம்பு, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கி. பின்வேலிக்கு அப்பால் வயல் தொடங்குகிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வாய்க்கால் ஒன்றும் அந்தப் பக்கமாகவே ஓடுகிறது. இரண்டு ஆசிரியைகள் இருக்கிறார்கள். இருவரும் கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தின் பயிற்சி பெற்றவர்கள். மாதக் கட்டணம் 500 ரூபா. கொடுக்க வசதியில்லாத வீடுகளிடம் அதையும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகள் எவையென்று மற்றப் பெற்றோருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

காலை எட்டு மணிக்குக் கேற் திறக்கப்படுகிறது. வாசலில் ஒரு ரீச்சர் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடித்து நகத்தையும் தோலையும் பார்த்து, இரவில் காய்ச்சலோ இருமலோ இருந்ததா என்று கொண்டுவந்தவரிடம் கேட்ட பிறகே உள்ளே அனுப்புகிறார். பிள்ளைகள் செருப்பைத் தாங்களே கழற்றிச் சுவரோரத்தில் சோடி சேர்த்து வைக்கவேண்டும். சேர்ந்த புதிதில் இதற்கே நெடுநேரம் எடுக்கும். தாய்மார் பொறுமையிழந்து குனிந்து உதவப் போனால், “விடுங்க அம்மா, அவ செய்வா” என்று ரீச்சர் தடுத்துவிடுவார். பிறகு வழிபாடு. சைவப் பிள்ளைகள் தேவாரம் பாடும்போது முஸ்லிம் பிள்ளைகள் அமைதியாக நிற்பார்கள். அவர்கள் துஆ ஓதும்போது மற்றவர்கள் அமைதியாக நிற்பார்கள். இந்த மாவட்டத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரோடும் சேர்ந்துதான் வாழப்போகிறார்கள். தரம் 1 முதல் பெரும்பாலும் வேறுவேறு பாடசாலைகளுக்குப் பிரிந்து போய்விடும் இவர்கள் ஒரே பாயில் இருக்கும் வயது இதுதான் என்பதனால், இதைச் சிறிய விடயமாக நான் எண்ணவில்லை.

வழிபாட்டுக்குப் பின் விளையாட்டு மூலைகள். ஒரு மூலையில் கடை. பால்மாப் பெட்டி, சவர்க்கார உறை, தேயிலைப் பைக்கற் எல்லாம் வீடுகளிலிருந்து வெறுமையாக வந்தவை. தராசு இரண்டு சிரட்டைகளில் கயிறு கட்டிச் செய்தது. இன்னொரு மூலையில் களிமண். மற்றொன்றில் நெல், புளியங்கொட்டை, சிப்பி, சோகி என்று பிரித்து அடுக்கும் தட்டுகள். புளியங்கொட்டையை ஐந்து ஐந்தாகக் குவித்து வைத்துவிட்டு, ஒரு குவியலிலிருந்து ஒன்றை எடுத்து மற்றக் குவியலில் சேர்த்தால் என்ன ஆகிறது என்று என் மகள் வீட்டுத் திண்ணையிலும் தானாகச் செய்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். கூட்டல், கழித்தல் என்ற சொற்களை அப்போது அவள் அறியாள். விரலால் மணலில் கோடு இழுப்பது, மெழுகு வர்ணத்தால் பெரிய கடதாசியில் கீறுவது, கத்தரிக்கோலால் பழைய பத்திரிகையை வெட்டுவது ஆகியவை நாள்தோறும் உண்டு. பென்சிலும் கோட்டுக் கொப்பியும் முதல் வருடத்தில் இல்லை. இரண்டாம் வருடத்தின் பிற்பகுதியில்தான் பெயரெழுதும் அளவுக்கு வருகின்றன.

இதுதான் பெற்றோரிற் பலருக்கு மனக்குறை. நகரத்து நேர்சரியில் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளை ஆங்கில எழுத்து 26ஐயும் எழுதுகிறது, எங்கள் பிள்ளை இன்னும் மணலில் கோடு கீறுகிறது என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு இடங்கொடுக்கக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பல வருடங்களில்தான் கடினமாகின்றன. நான்கு வயதில் அந்த வேலை பாதிகூட முடிந்திருக்காத பிள்ளைகள் பலர். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் முழுவதும் ‘அ’ எழுதச் சொன்னால், பிடி பிழைப்பதும் எழுத்தில் வெறுப்பு வருவதும்தான் மிச்சம். களிமண் பிசைவதும் துணி பிழிவதும் சோகி பொறுக்குவதும் அதே கையை எழுத்துக்குத் தயார் செய்கின்றன. எங்கள் நாட்டின் ஆரம்பக் கல்விக் கலைத்திட்டமும் இதற்கு மாறாக எதையும் கேட்கவில்லை. தரம் 1இலும் தரம் 2இலும் வழிகாட்டப்பட்ட விளையாட்டும் செயற்பாடும்தான் முதன்மை பெறுகின்றன, எழுத்து வேலை குறைவாகவே உண்டு.

பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஓர் இடத்தைத் தெரிவு செய்பவர்கள், மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் தமது முதற் பாலர் இல்லத்தைத் தொடங்கியபோது என்ன செய்தார் என்பதையும் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. 1944இல் இலங்கைக்கும் வந்த அந்த அம்மையாரின் முறையில், நீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, கூட்டித் துடைப்பது போன்ற அன்றாட வேலைகளே பிள்ளை முதலில் பழகும் பாடங்கள். எழுத்தையும் முதலில் விரலால் தடவித்தான் பிள்ளை அறிகிறது. எங்கள் ஊர் முன்பள்ளியின் பலகையில் அந்தப் பெயர் இல்லை. அந்த வேலைகள் நாள்தோறும் அங்கே நடக்கின்றன.

அவற்றிலே சிறந்தது சாப்பாட்டு நேரம். பத்து மணியளவில் ரீச்சர் கை தட்டியதும் பிள்ளைகள் பொருட்களை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வரிசையில் போகிறார்கள். அங்கே அவர்களின் உயரத்துக்கு ஒரு வாளியும் குழாய் பூட்டிய பீப்பாவும் வைக்கப்பட்டிருக்கின்றன. சவர்க்காரத்தை உள்ளங்கையில் தேய்த்து, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி வரும்படி ரீச்சர் தாமே கட்டிய பாட்டொன்றைப் பாடிக்கொண்டு கழுவவேண்டும். பாட்டு முடியாமல் தண்ணீர் திறக்கக்கூடாது. என் மகள் இன்றைக்கும் வீட்டில் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் கை கழுவுகிறாள். அவளுடைய அப்பாவும் வயலால் வந்து கழுவும்போது பாட்டு முடியுமட்டும் நிற்கவேண்டியிருக்கிறது.

உணவுக்கு வாரத்துக்கொரு ஒழுங்கு உண்டு. அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் ஒரு நாள், இலைக்கஞ்சி ஒரு நாள், கௌபி ஒரு நாள், சோறும் மீனும் கீரையும் ஒரு நாள், முட்டையும் பழமும் ஒரு நாள். தாய்மார் முறை வைத்துச் சமைக்கிறார்கள். வறிய குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் முன்பள்ளிகளுக்கு அரசாங்கம் வழங்கும் காலை உணவுக் கொடுப்பனவு இங்கேயும் கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது பிள்ளையொருவருக்கு 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மிகுதியை ஊரே பார்த்துக்கொள்கிறது. மரக்கறியோ தேங்காயோ இருக்கிற வீடு கொண்டுவந்து வைக்கிறது. பைக்கற்றில் அடைத்த தின்பண்டம் எதையும் கொண்டுவரக்கூடாது என்ற விதியில் ரீச்சர் ஒருபோதும் தளர்வதில்லை, பிறந்தநாளானாலும் சரி.

பரிமாறுவதும் பிள்ளைகளே. அன்றைய முறைக்காரர் இருவர் கோப்பைகளை வைப்பார்கள்; தண்ணீரைச் சிறிய சாடியிலிருந்து அவரவர் ஊற்றிக்கொள்ளவேண்டும். நான் சமையல் முறைக்குப் போயிருந்த ஒரு நாளில், புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி இரண்டு கையாலும் சாடியைத் தூக்கி ஊற்றப் போய் பாய் முழுவதும் நனைத்துவிட்டாள். முகம் அழுகைக்குத் தயாராகிவிட்டது. ரீச்சர் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, “பரவாயில்ல மகள், துணி அந்த ஆணியில இருக்கு” என்றார். சிறுமி போய்த் துணியை எடுத்து வந்து துடைத்தாள். பக்கத்திலிருந்த பையன் தன் கோப்பையைத் தள்ளி வைத்து இடம் விட்டான். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அவள் மறுபடியும் ஊற்றினாள். கண்டிப்பும் இல்லை, ஆறுதல் வார்த்தைகளின் ஆரவாரமும் இல்லை. இப்படி ஒரு காரியத்தைப் பிள்ளையிடம் விட்டுவிடுவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பதைச் சமையல் முறைக்குப் போகும் ஒவ்வொரு தாயும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பின் கதை, பாட்டு, முற்றத்தில் விளையாட்டு, பதினொன்றரைக்கு வீடு. குடும்ப நல உத்தியோகத்தர் இடையிடையே வந்து நிறையும் உயரமும் அளந்து பதிவேட்டில் குறிக்கிறார். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா என்ற சத்துமா ஒழுங்கு செய்வதும், மூன்று வயதில் போடவேண்டிய இரண்டாவது எம்எம்ஆர் தடுப்பூசியை யாரேனும் தவறவிட்டிருந்தால் கிளினிக்குக்கு வரச் சொல்வதும் அவரே.

இனிக் குறைகள். முதலாவது பின்வேலி. வாய்க்கால் ஓடும் பக்கத்தில் கம்பி தளர்ந்து, சிறு பிள்ளை குனிந்து போகக்கூடிய இடைவெளி விழுந்திருந்தது. கூட்டத்தில் நானும் வேறு சிலரும் பலமுறை சொல்லியும், நிதி வரட்டும் என்று அது தள்ளிப்போடப்பட்டது. கடைசியில் பெற்றோர் சிரமதானம் செய்து தென்னோலை மட்டையால் அடைத்தார்கள். மட்டை ஒரு மாரிக்குமேல் நிற்காது. மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில், தண்ணீருக்கு அருகே, இதற்கு நிதி ஒரு காரணமாகக்கூடாது. சேர்ப்பவர்கள் முதலில் இந்தப் பக்கத்தைப் போய்ப் பார்த்து, நிரந்தர வேலி போடும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும்.

இரண்டாவது தகரக்கூரை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குமேல் மண்டபத்துக்குள் இருக்க முடியாது. வேம்பின் நிழலில் பாயைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். மாரியில் அதே தகரத்தில் மழை விழும் சத்தத்தில் கதை சொல்வது கேட்காது. தகரத்துக்குக் கீழே கிடுகு வேய்ந்தாலே வெக்கை பெருமளவு குறையும். இது பெற்றோர் சங்கத்தால் செய்யக்கூடிய வேலை. கழிவறை ஒன்றுதான் உண்டு, அதன் குந்து பெரியவர்களின் அளவு. சிறு பிள்ளைகள் அதில் கால் வைக்கப் பயந்து அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். என் மகளும் முதல் தவணை முழுவதும் அப்படித்தான்.

ஆசிரியைகளின் வருமானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அரச பாடசாலை ஆசிரியர்களைப் போல இவர்களுக்குச் சம்பளம் இல்லை; கிடைப்பது சிறு கொடுப்பனவும், பெற்றோரின் கட்டணத்திலிருந்து வரும் பங்குமே. ஒருவர் பிற்பகலில் தையல் வேலை செய்துதான் குடும்பத்தைப் பார்க்கிறார். 500 ரூபா கட்டணத்தை வசதியுள்ளவர்களும் மாதக்கணக்கில் பிந்திக் கொடுப்பதைக் காணும்போது எனக்கு மனம் வருந்துகிறது. அதே வீடுகள் வான் கூலியை முதலாம் திகதியே கொடுக்கின்றன.

விளையாட்டு விழாவும் வாணி விழாவும் அளவாக நடக்கின்றன. சிறுவர் சந்தை மிக நன்று; வீட்டுத் தோட்டத்துக் கத்தரியையும் முருங்கையையும் கொண்டுவந்து விற்று, மிச்சக்காசு எண்ணிக் கொடுத்த அன்று பிள்ளைகளின் உற்சாகத்தைப் பார்க்கவேண்டும். ஆனால் வருட இறுதி விடுகை விழா எனக்கு உடன்பாடில்லை. பட்டமளிப்பு அங்கி, தொப்பி, முகப்பூச்சு, வாடகை உடை என்று வறிய வீடுகளும் கடன்பட்டுச் செலவழிக்கின்றன. பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வியர்த்து ஒழுகக் காத்திருக்கிறார்கள். வருடம் முழுவதும் பிள்ளையின் வசதியையே முதலாக எண்ணும் ஒரு முன்பள்ளி, அந்த ஒரு நாளிலும் அவ்வாறே எண்ணலாம்.

என் மகள் இப்போது தரம் 1இல் இருக்கிறாள். முதல் நாளில் எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் அவளுடைய வகுப்பில் சிலர் இருந்தார்கள். அவளுக்குத் தன் பெயர் மட்டுமே எழுத வரும். ஆனால் அழாமல் இருந்தாள், தன் முறைக்குக் காத்திருந்தாள், கழிவறைக்குப் போகவேண்டும் என்று ஆசிரியரிடம் வாய்திறந்து கேட்டாள், சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து மூடினாள். எழுத்துகள் பின்னர் தாமாகவே வேகமாக வந்து சேர்ந்தன. ஆகவே வேலி, கழிவறை ஆகிய இரண்டையும் திருத்துவதற்குக் குரல் கொடுக்கத் தயாரான எந்தப் பெற்றோருக்கும் இந்த முன்பள்ளியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

சேர்க்க விரும்புகிறவர்கள் மூன்றாம் தவணை முடியுமுன் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் சுகாதாரப் பதிவேட்டையும் கொண்டு நேரில் போகலாம். வருகிற ஜனவரி 31ஆம் திகதிக்குள் மூன்று வயது நிறையும் பிள்ளைகளையே எடுக்கிறார்கள். ஐந்து வயது நிறைந்ததும் அதே திகதிக் கணக்கில் தரம் 1க்குப் போவதற்கு அது பொருந்தும். காலை ஒன்பதரைக்குப் போனால் விளையாட்டு மூலைகளையும் சாப்பாட்டு நேரத்தையும் இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம், ரீச்சர்மார் தடுக்கமாட்டார்கள். நாடாக் கட்டும் சப்பாத்து வாங்கவேண்டாம், பிள்ளை தானே மாட்டிக் கழற்றக்கூடிய செருப்புப் போதும்.